பினாங்குக் கட்டணம் இறங்கும் வரை

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சிக்கல் சிங்காரவேலர் மேல் சத்தியம். அவருக்குப் பக்கத்து ஊர்க்காரரான நாகூர் ஆண்டவர் மேல் சத்தியம். இருவரும் வேலையாக இருந்தால் வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம். மூன்று பேரும் அதிக தூரத்தில் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் ஒரே நாளில் மூன்று இடத்துக்கும் போய் விசாரித்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம்.

கீவளூருக்குத் தெற்கே கீழக்கடம்பங்குடியில் வைரக்கண்ணு என்று ஒருவர் இருந்தார். நிலம் ஒன்றரை வேலி. நெல் விலையை அவரைப்போல் கணித்தவர் தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பத்தாயத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். "பங்குனி பதினேழு வரைக்கும் ஏறாது" என்பார். ஏறாது. பதினெட்டாம் தேதி காலையில் கும்பகோணத்து வியாபாரிகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு வருஷம் விலைக்காக அவர் காத்திருந்த காத்திருப்பில் பத்தாயத்துக்குள்ளேயே நெல் முளைத்துவிட்டது. ஊரே சிரித்தது. அந்த ஐப்பசியில் வெட்டாறு உடைத்துக்கொண்டு எல்லார் நாற்றங்காலும் அழுகிப்போயிற்று. வைரக்கண்ணு பத்தாயத்தைத் திறந்தார். நாற்றாகவே முடி கட்டி மூன்று பங்கு விலைக்கு விற்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவருடைய வித்தை ஒன்றே ஒன்றுதான்: விலையை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் தேவை இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், யார் வீட்டில் கல்யாணம், எந்த ஊர் மாட்டுக்குக் கோமாரி என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எதிராளி தாங்க முடியாமல் தானே விலையைச் சொல்வான். மன்னார்குடித் தரகர் ஒருவர் மூன்று நாள் அவரோடு இப்படி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் தரகர் தேம்பி அழுதுகொண்டே விலையைச் சொன்னார். அதற்குமேல் இரண்டு ரூபாயும் தாமாகவே சேர்த்துச் சொன்னார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரூபாய்க்குப் படி அரிசி என்று சொன்னவர்கள் கோட்டைக்குப் போன வருஷம், சித்திரை மாதம். எழுதியவள் அக்கா ஆனந்தவல்லி.

தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். வெட்டாற்றில் அவன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து நீந்தக் கற்றுக்கொடுத்தவள். பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. கப்பல் ஆழத்தில் நின்றிருந்தது. ஆட்களைப் படகில்தான் கொண்டுபோனார்கள். அக்காவின் படகு போகப் போக அவன் இடுப்பளவு தண்ணீரையும் தாண்டி நடந்துபோனான். நெஞ்சளவு வந்ததும் யாரோ பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். பிறகு சண்டை வந்தது, சப்பான்காரன் வந்தான், கடை போயிற்று, கடை வந்தது, அவள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இருபத்தொன்பது வருஷம். இந்த வருஷங்களில் நாகப்பட்டினம் பக்கம் எந்த வேலையாகப் போனாலும் வைரக்கண்ணு கடற்கரைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் காற்று எப்படி என்று பார்த்தேன் என்பார்.

நீல நிறக் காகிதத்தில் எறும்பு ஊர்வதுபோல் நாற்பது வரி எழுதியிருந்தாள் அக்கா. நடுவில் இரண்டு வரி: 'கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறதாம். வைத்தியம் இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டார். முகம் தெரிகிறபோதே ஒரு தரம் வந்துவிட்டுப் போ தம்பி.'

வைரக்கண்ணு அதைப் படித்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். மாடுகள் அன்று புல் தின்னவில்லை.

பாஸ்போர்ட்டு வர ஆடி மாதம் ஆயிற்று. மனைவி நாகரத்தினம் நாத்தனாருக்கென்று வடகம் பிழிந்து காயவைத்தாள். நாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஜெக்கரியா பாய் கப்பல் டிக்கெட் ஏஜென்சி வைத்திருந்தார். வைரக்கண்ணு போய்ச் சலாம் சொல்லிவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டணம் என்ன என்று கேட்கவில்லை. கேட்பாரா?

"வாங்க வாங்க. கீவளூர்ப் பக்கமா? குறுவை எப்படி?" என்றார் பாய்.

"ஏதோ கெடக்கு. கடல் எப்படி?"

"அதுவும் ஏதோ கெடக்குங்க."

ஏடு படிந்த டீயும் இரண்டு பிஸ்கோத்தும் வந்தன. வைரக்கண்ணு கணக்குப் போட்டார். விற்கிறவன் பிஸ்கோத்துக் கொடுத்தால் சரக்குத் தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். தேங்கினால் விலை இன்னும் இறங்கும். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"ஏங்க, டிக்கெட்டு?" என்றாள் நாகரத்தினம்.

"இன்னும் எறங்கும்."

"கப்பல் டிக்கெட்டு என்ன குறுவையா, சம்பாவா? அறுப்புக்கு அறுப்பு வெல மாறுறதுக்கு?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அரிசி வெலயையே எறக்கிப்புடுறேன்னு சொல்லி ஆட்சிக்கு வந்திருக்காங்க. கப்பல் எம்மாத்திரம்?"

வடகத்தை வீட்டிலேயே பொரித்துச் சாப்பிட்டார்கள்.

புரட்டாசியில் மறுபடியும் போனார். அன்றைக்கு டீ வந்தது, பிஸ்கோத்து வரவில்லை. சரக்குக்குக் கிராக்கி, விலை ஏறிவிட்டது என்று புரிந்துகொண்டு திரும்பினார். அவர் திரும்பிய அன்று அக்காவின் இரண்டாவது கடிதம் வந்திருந்தது. எழுத்து பெரிதாகியிருந்தது. அதே அளவு காகிதத்தில் இருபது வரிதான் பிடித்தது. ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்குப் பயந்து கப்பல் நாகப்பட்டினத்தில் நிற்காது. மூன்றாவது கடிதம் மார்கழியில் வந்தது. எட்டு வரி; ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவு.

"தையில எல்லா வெலயும் விழும். அறுவடையில விழாத வெல ஏது? சம்பாவ அறுத்துப் போட்டுட்டு அடுத்த கப்பல்ல போறேன்" என்றார் வைரக்கண்ணு. நாகரத்தினம் மூன்றாவது தடவையாக வடகம் பிழிந்தாள்.

ஆனால் அந்தத் தையில் அறுவடை அவர் கையில் இல்லை. ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்தது. கூலியைக் கூட்டாமல் கதிரில் கை வைக்க மாட்டோம் என்று ஆட்கள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கீவளூர் சாலையில் போலீஸ் லாரி நின்றது. வைரக்கண்ணுவின் வயலில் எல்லையம்மாள் தலைமையில் பதினாலு பேர். அவர் குடையை விரித்து எதிர் வரப்பில் உட்கார்ந்தார். எவ்வளவு கூட்டிக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இவ்வளவு வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை. இந்த வித்தை வியாபாரிகளுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தது தப்பு.

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. கொக்கு ஒன்று அவர் குடைமேல் உட்கார்ந்து பழகி, ஐந்தாம் நாள் கூடு கட்டக் குச்சி கொண்டுவந்தது. கதிர் முற்றி மணி உதிரத் தொடங்கியது.

"அய்யா, பெனாங்குல ஒங்க அக்கா கூப்புடுதாமே. போகலியா?" என்றாள் எல்லையம்மாள்.

"அறுப்பு முடியட்டும்."

"அறுப்பு எங்க கையில இருக்கு. ஒங்க கையில கொடதானே இருக்கு!"

பதினாலு பேரும் சிரித்தார்கள். கொக்கு பறந்துபோயிற்று.

பத்தாம் நாள் தாசில்தார் வந்து இரண்டு பக்கத்தையும் பேசவைத்தார். அப்போதுதான் தொகை வெளியே வந்தது: கலத்துக்கு ஒரு படி கூடுதல். வைரக்கண்ணு மூன்று படி வரைக்கும் கொடுக்கலாம் என்று மனசுக்குள் முடிவு செய்துவைத்திருந்தார். எல்லையம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா மொத நாளே சொல்லியிருப்போம். பாவம், அந்த அம்மாவுக்குத் தம்பி மொகத்த ஒம்போது நாளு முன்னாடியே பாக்கக் கொடுத்து வைக்கல" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. மாசியில் போனார், பாய் தும்மினார், சகுனம் சரியில்லை. சித்திரையில் போனார், பாய் டீயோடு வாழைப்பழமும் கொடுத்தார். வாழைப்பழம் வரை வந்துவிட்டது என்றால் கட்டணம் தரையைத் தட்டப் போகிறது, இன்னும் ஒரே ஒரு மாதம். ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது கடற்கரைக்குப் போனார். கப்பல் நிற்கிற நாளாக இருந்தால் அது புகைவிட்டுக்கொண்டு கிளம்பி, கோழி அளவாகி, நெல்மணி அளவாகி மறைகிற வரைக்கும் நிற்பார். ஒருநாள் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்ததை வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தார்.

நான்காவது கடிதத்தில் மூன்று வரி.

ஐந்தாவது கடிதம் ஆனி மாதம் வந்தது. வழக்கம்போல் மடித்து ஒட்டிய நீலக் காகிதம். நாகரத்தினம் ஓரத்தைக் கிழித்து விரித்தாள். காகிதம் முழுக்க ஒரே ஓர் எழுத்து. அதுவும் இடம் போதாமல் துணைக்காலில் கொஞ்சம் விளிம்புக்கு வெளியே போய்விட்டிருந்தது.

வா.

வைரக்கண்ணு அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். எழுதிய பேனா காகிதத்தை எங்கெங்கே தடவித் தேடியிருக்கிறது என்பது மசியில் தெரிந்தது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரயிலுக்கு நேரம் இருந்தது. ஆனால் சிக்கல் வரை ஓடியே போய்விட்டார், அங்கேதான் ரயில் அவரைப் பிடித்தது.

ஏஜென்சிக்குள் நுழைந்தவர் பெஞ்சில் உட்காரவில்லை. சலாம் சொல்லவில்லை. கடலைப் பற்றிக் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் எந்த மனிதனிடமும் கேட்காததைக் கேட்டார்:

"பாய், பெனாங்குக்கு என்னங்க கட்டணம்?"

ஜெக்கரியா பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெனாங்குக்கா? நீங்களா? டிக்கெட்டுக்கா வந்தீங்க இவ்வளவு நாளும்?"

"பின்ன எதுக்கு?"

"யா அல்லா! நெல்லு விக்க வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்! பெரிய வீடு, இருபது பேரு சாப்பிடுறோம், மொத்தமா நல்ல சம்பா கெடச்சாத் தேவலாம்னு இருந்தேன். வெலயக் கேட்டா ஏத்திப்புடுவீங்க, நீங்களே வாயத் தொறக்கட்டும்னு உக்காந்திருந்தேன். அந்த வாழப்பழம் எதுக்குன்னு நெனச்சீங்க?"

பாய் கட்டணத்தைச் சொன்னார். வைரக்கண்ணு பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். கைக்கு வந்த டிக்கெட்டைப் பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். இதைவிட இறங்கியிருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

ஆவணியில் கப்பல் ஏறினார். எட்டாம் நாள் பினாங்கில் அக்காவின் மகன் அவரைக் கடைக்கு அழைத்துப் போனான். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியில் ஒரு வெள்ளைத் தலை உட்கார்ந்திருந்தது. முகம் தெருவைப் பார்த்திருந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. வைரக்கண்ணு எதிரில் போய் நின்றார்.

"யாரு?" என்றாள் ஆனந்தவல்லி.

அவர் இன்னும் ஓர் அடி நெருங்கினார்.

அவள் கையை நீட்டினாள். இவர் குனிந்தார். விரல்கள் நெற்றியில் தொடங்கிப் புருவத்தில் இறங்கி, மூக்கின் மேல் வந்து, அதன்கீழே சட்டென்று நின்றன.

"அடப் பாவி. மீச எப்படா வந்துச்சு ஒனக்கு?"

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் அவள் அந்த மீசையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு வயது முகத்தில் அதை எங்கே ஒட்டிவைப்பது என்று பார்க்கிறவள்போல.

"போன வருஷம் தீவாளி வரைக்கும் நெழலாட்டம் தெரிஞ்சுதுடா. வாசல்ல யாரு வந்து நின்னாலும் நீதானோன்னு பாப்பேன். தை வரைக்கும் வெளிச்சம் தெரிஞ்சுது. ஏண்டா இவ்வளவு நாளு?"

"டிக்கெட்டு வெல எறங்கட்டும்னு பாத்தேங்க்கா."

அவர் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. அவள் முகம் மெல்ல மலர்ந்தது. அவளும் கீழக்கடம்பங்குடியில் பத்தாயத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே.

"எறங்குச்சா?"

"அடிமாட்டு வெலக்கா. அதுக்குக் கீழ கெடையாது."

"அப்ப சரி" என்றாள் ஆனந்தவல்லி. "அப்பாவும் இப்படித்தான். காத்திருந்தது வீண்போகல."

ஜெக்கரியா பாய் ஏஜென்சியில் பினாங்குக் கட்டணம் வருஷத்தில் பன்னிரண்டு மாதமும் ஒன்றேதான் என்று, வைரக்கண்ணு உட்கார்ந்த பெஞ்சுக்குப் பின்சுவரில், பெரிய தமிழ் எழுத்தில் பலகை எழுதி மாட்டியிருந்தது.