வெள்ளைப் பூ வந்த டப்பா

மூட்டுவலிக்கு நல்லது என்று நாத்தனார் முருகலட்சுமி சத்து மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து விற்றபோது, ஜெகதீஸ்வரி அதை உடனே கணவருக்குக் கொடுத்துவிடவில்லை. பந்தல்குடிப் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். சிவப்புப் பூ ஒன்றும் வெள்ளைப் பூ ஒன்றுமாக மடித்துப் போட்ட பொட்டலங்களில் ஒன்றை எடுக்க, வெள்ளை வந்தது. கொடுக்கலாம் என்று உத்தரவு. ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள்.

"சாமிக்கும் கமிஷன் குடுத்துட்டாளா எந்தங்கச்சி?" என்று சிரித்தார் கணவர் சுந்தரபாண்டி. ஆனாலும் திருநீறு பூசிக்கொண்டுதான் மாத்திரையை விழுங்குவார்.

சில வாரங்களில் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர். பஞ்சுத் தூசிதான் என்றார்கள் எல்லோரும். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் பிரவீணா, "வேற எதுவும் மருந்து சாப்பிடுறாரா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் ஜெகதீஸ்வரி. பொய் சொல்லவில்லை. சாமி உத்தரவு தந்ததை அவள் மருந்தாக நினைக்கவே இல்லை.

ஆக்ஸிஜன் வைத்த பிறகும் மாத்திரையைக் கஞ்சியோடு கொடுத்துவந்தாள். ஒரு காலையில் டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் அருகில் உட்கார்ந்தார்.

"இதுதான் அவர் நுரையீரலக் கெடுத்திருக்கும்னு நினைக்கிறேன். இனிமே குடுக்காதீங்கம்மா."

"நிறுத்திட்டா சரியாயிருமா?"

"வீக்கம் குறைய மருந்து போடுறோம். பாப்போம்."

சாயங்காலம் முருகலட்சுமி புது டப்பாவோடு வந்தாள். "நான் சாப்புட வச்சிருந்தது மதினி. அண்ணனுக்குக் குடுங்க."

ஜெகதீஸ்வரி நடந்ததைச் சொன்னாள். முருகலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நானே எங்கண்ணனக் கொல்லப் பாத்திருக்கேனே மதினி."

பகலெல்லாம் நெஞ்சில் வைத்திருந்த கடுஞ்சொற்கள் ஜெகதீஸ்வரியின் வாயில் வரவில்லை. "நீயும் இதத்தான திங்கிறே? ஒனக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "நாளைக்கு டாக்டரம்மாட்ட ஒன்னையும் காட்டிருவோம்."

மாத்திரை நேரம் ஆகிவிட்டிருந்தது. முகமூடிக்குள் மூச்சுக்குத் திணறியபடியே சுந்தரபாண்டி வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினார்.

அவள் அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். கை நீண்டபடியே இருந்தது. அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.