ஞானமணி ஆயர் கை தூக்காத ஞாயிறு

பெண் ஒருத்தி கை தூக்கிக் கூறும் ஆசீர்வாதம் கூரைக்கு மேலே ஓரடிகூடப் போகாது என்றும், வேதத்தையும் இயற்பியலையும் ஒருசேர ஆராய்ந்து இதைத் தாம் கண்டறிந்ததாகவும், டெக்சாஸ் தமிழ்ச் சபையின் செயலாளர் தியாகராஜா 2003ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அறிவித்தார். அன்று ஆசீர்வாதத்துக்கு நிற்காமல் அவரோடு எழுந்து போனவர்களுக்கு, ஆலன் நகரிலுள்ள வீடுகளுக்கு இறங்கிப் போகும் கிளைவழியான எக்சிட் 75ஆம் ஃப்ரீவேயில் வரவில்லை. எக்சிட் இருந்த இடத்தில் புல் இருந்தது. ஒழுங்காக வெட்டப்பட்ட புல். அதைத் தாண்டிப் போனவர்களுக்கு அடுத்த மாநிலமான ஓக்லஹோமா வந்தது.

ஞானமணி 2001இல் மருத்துவமனைக் குருவாக வந்து, நோயாளிகளின் கட்டிலருகே இருந்து பேர் வாங்கி, அந்தச் சபையின் முதற் பெண் ஆயரானவர். அவர் பிரசங்கத்தை ஆண்கள் கேட்டார்கள். அவர் நடத்திய அடக்கங்களுக்குப் போனார்கள். ஆராதனை முடிவில் அவர் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்குவதைத்தான் தாங்க முடியவில்லை. கடைசிப் பாட்டிலேயே கார்ச்சாவியைத் தேடினார்கள். ஓக்லஹோமாவிலிருந்து திரும்பி வந்தவர்களை அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கிங் லாட்டில் நின்று, கார்க் கண்ணாடி வழியே தலையில் கை வைத்து அனுப்பினார். எக்சிட் வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் கார் வரிசை தெருமுனைவரை நீண்டது.

"ட்ரைவ்-த்ரூ சபை! ஆசீர்வாதத்தோட ஃப்ரைஸும் குடுப்பினமோ?" என்று தியாகராஜா, காரை விட்டிறங்காமல் பர்கர் வாங்கும் வரிசையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் கேட்டார். அவர் மனைவி றோஸ்மலர் கோவிலுக்குள்ளேயே ஆசீர்வாதம் பெற்று வண்டியை ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து வீடு சேர்ந்த தியாகராஜா, அது கணக்கில் வராது என்றார்.

2005இல், கேஸ் என்கிற பெட்ரோல் காலன் மூன்று டாலரைத் தொட்டபோது, தியாகராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆயர் இனிக் கை தூக்கக் கூடாது. தூக்கினால் பதவி போகும். வரிசையில் நின்று அலுத்தவர்கள், கை அடங்கினால் எக்சிட் தானாகத் திரும்பும் என்று நம்பி அதை நிறைவேற்றினார்கள். ஞானமணி போனால் இன்னொரு பெண்ணை எந்தத் தமிழ்ச் சபையும் கூப்பிடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கித்தார், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சபை கலைந்தது. ஒருவரும் வீடு சேரவில்லை. பொழுது சாயுமுன் எல்லா வண்டிகளும், கேஸ் முள் சிவப்பைத் தொட, பார்க்கிங் லாட்டுக்கே திரும்பின. ஞானமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தைகள் அழுதன.

"பாஸ்டர் அக்கா, ஒருக்காத் தூக்குங்கோ. பிள்ளைக்குப் பால் முடிஞ்சுது," என்றான் நிரோஜன், கைக்குழந்தையோடு.

"தூக்கினா எனக்கு வேலை இல்லைத் தம்பி. அண்டைக்கு வோட்டுக்கு உம்மட கை நல்லா உயர்ந்ததே?"

நிரோஜன் செயலாளரின் வண்டியைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். தியாகராஜா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வண்டி ஓடிக்கொண்டிருப்பதைப் போல நேரே பார்த்தார்.

"டாட், ஜஸ்ட் சே சாரி," என்றாள் பின்சீட்டிலிருந்து மகள் லக்சனா.

"இஞ்சேருங்கோ," என்றார் றோஸ்மலர், "கூரைக்கு மேல போகாத சாமான்தானே? கார்க் கூரைக்குள்ள வாங்கினா என்ன குறைஞ்சு போகும்?"

ஞானமணி நடந்து வந்து அவர் கதவருகே நின்றார். கை இன்னும் பின்னால்தான் இருந்தது.

"செயலாளர், தீர்மானம் நிக்குதோ?"

கண்ணாடி இறங்கியது. பாதியில் நின்றது. மறுபடி இறங்கியது. தியாகராஜா சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தலையை வெளியே நீட்டிக் குனிந்தார்.

"எட்டுதோ?" என்று தார்த்தரையைப் பார்த்துக் கேட்டார்.

ஞானமணியின் கை அவர் தலைக்கு எட்டியது. பிறகு மற்ற வண்டிகளின் கண்ணாடிகளும் ஒவ்வொன்றாக இறங்கின. அன்று எக்சிட் வழக்கமான இடத்தில் இருந்தது. புல் அதற்கு அப்பால் இருந்தது. தீர்மானத்தை யாரும் ரத்துச் செய்யவில்லை, யாரும் நினைவுபடுத்தவும் இல்லை. 2009இல் பிஸ்கட்டவே என்ற ஊரின் பெரிய தமிழ்ச் சபை ஞானமணியைத் தன் ஆயராக அழைத்துக்கொண்டது. அதுவரை எல்லா ஞாயிறும் வரிசையின் முதல் வண்டி தியாகராஜாவுடையது. மழையானாலும் கண்ணாடி இறங்கியே இருக்கும்.