சூடு ஆறும்வரை எழுந்திருக்கக் கூடாது

ஓரெஸ்ட் பாரனியுக்கின் வலது கால் ஸ்கேட் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் உடைந்தபோது எழுந்த சத்தத்தைக் கேட்டு, ஓட்டர் பெண்ட் ஊரில் பாதிப் பேர் ஆற்று ஐஸ் பிளந்துவிட்டதென்று வாசலுக்கு ஓடிவந்தார்கள். மீதிப் பாதிப் பேர் ஐஸ் ஹாக்கி ஆடும் ரிங்கிலேயே இருந்ததால் ஓட வேண்டியிருக்கவில்லை. காலில் மாட்டும் பூட்டையும் அடியிலுள்ள கத்தியையும் சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் தாங்கி இரண்டாகப் பிளந்து போயிருந்தது. ஓரெஸ்ட் ஒற்றைக் காலில் அரங்கை ஒரு சுற்றுச் சுற்றி, வேறு வழி தெரியாமல் கோல் வலைக்குள் போய் உட்கார்ந்தார்.

அந்த ஸ்கேட்டுக்கு அவருடைய மூத்த மகளைவிட வயது அதிகம். மாற்றுத் தாங்கி கிடைக்குமா என்று வின்னிபெக் வரை போன் போட்டுக் கேட்டார். அங்கே ஒரு கடைக்காரன் எந்த மாடல் என்று விசாரித்துவிட்டு, பொறுமையாக ஒரு அருங்காட்சியகத்தின் நம்பரைக் கொடுத்தான்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். அறுபது தாண்டியவர்களின் லீகில் ஓட்டர் பெண்டும் பக்கத்து ஊர் சான்-லுபேனும் மோதுகின்றன. ஓட்டர் பெண்டின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் இருபது வருஷமாக ஓரெஸ்ட்தான். அவர் இறங்காவிட்டால் அந்த இடத்தில் வால்ட்டர் இறங்குவான். வால்ட்டர், ஓரெஸ்டின் மனைவி வெர்னாவுக்குத் தம்பி. மாற்று ஆட்டக்காரனாகக் காத்திருந்து காத்திருந்து, அவன் உட்காரும் இடத்தில் பெஞ்சில் பள்ளமே விழுந்திருந்தது. ஒரே ஒரு இறுதி ஆட்டம் ஆடிவிட்டால் போதும். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் பீட்ரூட் சூப் மேஜைக்கு வருமுன் ஆரம்பித்து, பெரோகிக் கொழுக்கட்டை ஆறிக் கல்லாகும்வரை அந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருப்பான். அதைக் கேட்டுக்கொண்டு உயிரோடிருப்பதா என்று ஓரெஸ்ட் யோசித்தார்.

இரவல் ஸ்கேட் உதவாது. அடுத்தவன் காலுக்கு வார்த்த பூட்டைப் போட்டுக்கொள்வது அடுத்தவன் பல்செட்டை மாட்டிக்கொண்டு விருந்துக்குப் போவது மாதிரி. புதிதாக வாங்கலாமென்றால் அந்த வட்டாரத்தில் இருப்பது ஒரே கடை. அது சான்-லுபேனில் இருந்தது. கடைக்காரர் கயெத்தான் லவாலே, எதிரணியின் நடு ஆட்டக்காரர்.

"போய்ட்டுத்தான் வாயேன்," என்றாள் வெர்னா. "அவன் என்ன உன்னைக் கடிச்சா திங்கப் போறான்?"

"கடிக்க மாட்டான். தொளதொளன்னு ஒண்ணைக் குடுத்து சனிக்கிழமை என்னைக் கவுத்துடுவான்."

"அப்போ வால்ட்டர்கிட்ட சொல்லிடவா?"

வியாழக்கிழமை காலை முதல் ஆளாக ஓரெஸ்ட் சான்-லுபேன் கடை வாசலில் நின்றார்.

"வாய்யா பாரனியுக்!" கயெத்தான் கத்தி தீட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். "நீ வருவேன்னு தெரியும். உடைஞ்ச சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. சைஸ் சொல்லு."

"ஆறரை."

"பேரனுக்கா?"

"எனக்குத்தான்யா."

கயெத்தான் குனிந்து அவருடைய காலுறையைக் கழற்றினார். பதினேழு வயதில் யாரோ ஒரு பயிற்சியாளர், பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் இறுக்கமாகத்தான் போடுவார்கள் என்று ஓரெஸ்டிடம் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவருக்கு ஆறரை. அந்த நாட்டில் ஆண்கள் மீனின் நீளத்தைக் கூட்டிச் சொல்வார்கள், ஸ்கேட் சைஸைக் குறைத்துச் சொல்வார்கள். வெளியே வந்த கால்விரல்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி, குடும்பப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றன. கயெத்தான் அவற்றைத் துக்கம் விசாரிப்பவர் முகத்தோடு பார்த்தார். பிறகு பாதத்தை இரும்புத் தட்டில் வைத்து அளந்தார்.

"செருப்புக்கு ஒன்பதரை. ஸ்கேட்டுக்கு ஒன்றரை குறைச்சா எட்டு."

"எட்டா?" ஓரெஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். நினைத்தது சரியாகப் போயிற்று. "எட்டுல நான் நீச்சலா அடிக்கணும்? சனிக்கிழமை நான் உள்ள நீந்திக்கிட்டு இருப்பேன், நீ பக்கத்தால போய் கோல் போடுவ. அதானே?"

"உனக்கெதிராக் கோல் போட எனக்கு உன் பூட்டா வேணும்? போன தடவை மூணு போட்டேனே, அப்போ எத்தனாம் நம்பர் போட்டிருந்தே?"

"ஏழரை குடு. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

"குடுக்க மாட்டேன்."

"காசு தரேன்ல?"

"நீ தருவய்யா. சனிக்கிழமை நீ நொண்டுறதப் பாத்துட்டு ஊர் ஜனம் 'இது யாரு கடை ஸ்கேட்டு'ன்னு கேக்குமே, அதுக்கு யாரு பதில் சொல்றது? உன்னை நான் ஆடித் தோக்கடிப்பேன். செருப்பை வச்சுத் தோக்கடிக்க மாட்டேன். காலை நீட்டு."

முதல் ஜோடியைப் போட்டுவிட்டு, பூட்டின் நாக்கை முன்னால் இழுத்து, லேஸ் துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்தார். பென்சில் இரண்டு ஓரத்தையும் தொடாமல் பாதத்தின் மேட்டில் உட்கார்ந்து தராசு முள்ளைப்போல் ஆடியது.

"உனக்குப் பாதம் மேடு. இதுல ஆழம் பத்தாது. வேணாம்."

இரண்டாவது ஜோடியில் பென்சில் ஒழுங்காகப் படுத்தது, ஆனால் குதிகால் உள்ளே ஏறி இறங்கியது. கயெத்தான் அதையும் கழற்றிப் போட்டார். மூன்றாவது ஜோடியைப் பின்னறையிலிருந்து, உயர்ந்த ஜாதிப் பூனைக்குட்டியைத் தூக்கிவருவது மாதிரி எடுத்துவந்தார்.

"நிமிர்ந்து நில்லு. விரல் நுனி முன்னால தொடுதா?"

"தொடுது."

"முட்டியை மடக்கு. இப்போ?"

ஓரெஸ்ட் முட்டியை மடக்கினார். "விலகுது," என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல.

"அதுதான் சைஸு. இத்தனை வருஷமா நீ போட்டது தண்டனை. இந்த அகலத்துல இது ஒண்ணுதான் கையில இருக்கு. அடுத்தது வர மாசக் கணக்காகும். கெடுத்துடாதே."

காலின் வடிவத்துக்கு வார்ப்பதற்காகப் பூட்டுகள் இரண்டும் மூலையிலிருந்த சின்ன ஓவனுக்குள் போயின. இளகி வெளியே வந்ததும் கயெத்தான் அவற்றில் ஓரெஸ்டின் காலை நுழைத்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, லேஸை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்து இழுத்துக் கட்டினார். சூட்டில் மேலே இழுத்தால் துளை பிய்ந்துவிடும்.

"இப்போ கேட்டுக்கோ. சூடு ஆறும்வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. கடை தீப்பிடிச்சாலும் நான் வந்து தூக்குறவரைக்கும் உக்காந்திரு. உன் எடையை இப்ப அதுமேல வச்சே, பூட்டு பான்கேக் மாதிரி பரவிடும். அப்புறம் அதுல மீன்தான் வறுக்கலாம்."

கயெத்தான் மீண்டும் தீட்டும் இயந்திரத்துக்குப் போனார். அவர் போன அதே நிமிடம் கடைக்கதவு திறந்து, குளிர்காற்றோடு ஃபெர்னான் ரொபிதுவும் அவர் தம்பி அல்சீதும் உள்ளே வந்தார்கள். இரண்டு பேரும் சான்-லுபேன் அணி. கத்தி தீட்ட வந்தவர்கள், நாற்காலியில் சூடான பூட்டோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓரெஸ்டைக் கண்டார்கள். அவர்கள் முகத்தில் வந்த மகிழ்ச்சி, கல்யாணத்தன்றுகூட வந்திருக்காது.

"அட, ஓரெஸ்ட்! ஏன் உக்காந்தே இருக்க? எழுந்து வந்து கை குடேன்."

"இங்கேருந்தே தரேன், வா."

"உன் வண்டியில லைட் எரியுதுய்யா. பேட்டரி போயிடும்."

"போகட்டும். வீட்ல இன்னொண்ணு இருக்கு."

"வாசல்ல ஒரு மூஸ் மான் நிக்குது, உன் வண்டிக் கதவை நக்கிக்கிட்டு," என்றார் அல்சீத்.

"உங்க அண்ணன்னு நெனச்சிருக்கும்."

ஃபெர்னான் பின்வாங்கவில்லை. "வர்ற வழியில வால்ட்டரைப் பாத்தேன். உன் நம்பரைத் தன் ஜெர்சியில தைக்கக் குடுத்துட்டுப் போறான்."

இது கொஞ்சம் உறைத்தது. ஓரெஸ்டின் இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு விரல் உயர்ந்து, நினைவு வந்து, திரும்ப இறங்கியது. அல்சீத் அதைக் கவனித்துவிட்டார். தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு செல்போனை வெளியே எடுத்தார்.

தேசிய கீதம் ஒலித்தது.

ஓரெஸ்ட் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காத நாள் கிடையாது என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். குளியல் தொட்டியில் இருக்கும்போது பக்கத்து அறை டிவியில் அது வந்தாலும், நுரையோடு எழுந்து நின்று முடிந்தபின்தான் உட்காருவார். பல் டாக்டரிடம் ஒருமுறை வாயில் துளைக்கருவியோடு எழுந்து நின்றதில், டாக்டரும் கூடவே எழ வேண்டியதாயிற்று. இப்போது அவருடைய தொடைகள் அவரிடம் கேட்காமலே வேலையை ஆரம்பித்தன. வலது கை தொப்பியைக் கழற்றியது. இடது கை நாற்காலியை இறுகப் பிடித்து உட்கார் உட்கார் என்றது. முகத்தில் வியர்வை. சனிக்கிழமை ஆட்டமும், பெஞ்சின் பள்ளத்திலிருந்து மெல்ல எழுந்து வரும் வால்ட்டரும் கண்ணுக்குள் ஓடினார்கள். தொடைகள் ஜெயித்துக்கொண்டிருந்தன.

"எழுந்திருக்காதே!" கயெத்தான் இயந்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுப் பாய்ந்து வந்தார். ஆனால் அவருக்கும் அது தேசிய கீதம்தானே? மனிதனை அமுக்கி உட்காரவைக்க மனம் வரவில்லை. ஓரெஸ்டின் பின்னால் போய், இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கினார்.

ஓரெஸ்ட் இருநூற்று நாற்பது பவுண்டு, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். அன்று சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். பூட்டுகள் இரண்டும் தரைக்கு நாலு விரல் மேலே தொங்க, தொப்பி நெஞ்சில் பதிந்திருக்க, கண் நேராகப் பார்க்க, அவர் மரியாதையாகக் காற்றில் நின்றார்.

"அல்சீத்... அதை நிறுத்துடா!" கயெத்தானின் குரல் பல்லிடுக்கில் வந்தது.

அல்சீதும் ஃபெர்னானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். அல்சீதின் உதடு மட்டும் அசைந்தது. "கீதம் நடக்குறப்போ கையை எப்படிய்யா அசைக்கிறது?"

அவசரத்தில் அவர் தட்டியது ஏதோ விழாவில் பதிவானது. முன்னால் முரசு, நடுவில் நூறு பேர் கோரஸ், ஆங்கிலத்தில் பாதி, பிரெஞ்சில் பாதி, கடைசி வரியை மூன்று தரம் திருப்பிப் பாடி, அதன்பின் எக்காளம். அந்த நாடு எவ்வளவு பெரியதென்று கயெத்தானுக்கு அன்றுதான் உடம்பில் உறைத்தது. முகம் சிவப்பாகி, பிறகு ஊதாவாகி, பெயரில்லாத ஒரு நிறத்துக்கு வந்தபோது எக்காளம் ஓய்ந்தது. ஓரெஸ்டை முட்டையை வைப்பதுபோல நாற்காலியில் இறக்கினார்.

இறக்கியவர் நிமிரவில்லை.

"என்னய்யா தேடுற கீழ?" என்றார் ஃபெர்னான்.

"என் முதுகை," என்றார் கயெத்தான். பிறகு தலையை மட்டும் திருப்பி, "பாரனியுக், நீ அப்படியே இரு. இன்னும் ஆறல," என்றார்.

சனிக்கிழமை சான்-லுபேன் அணியின் பெஞ்சில், மார்பிலிருந்து இடுப்புவரை துணிப்பட்டை சுற்றி, கேள்விக்குறிபோல வளைந்து உட்கார்ந்திருந்தார் கயெத்தான். அவருடைய இடத்தில் அல்சீத் ஆடினார். அந்தக் கீதத்துக்காக அல்சீதிடம் அன்று யாரும் பேசவில்லை, சொந்த அண்ணன் உட்பட.

ஓரெஸ்ட் பயந்துகொண்டேதான் ஐஸில் கால் வைத்தார். எட்டாம் நம்பர். எந்த நிமிடமும் பூட்டு ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகப் போகப்போவதை எதிர்பார்த்து முதல் பகுதி முழுவதும் கிழவனைப்போல ஆடினார். இரண்டாவது பகுதியில்தான் கால் வலிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். அது வலிக்காமல் இருக்கக்கூடும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. மூன்றாவது பகுதியில் அவர் திரும்பிய வேகத்தில் கிளம்பிய ஐஸ்தூள் இரண்டாம் வரிசையில் ஒருவருடைய காபியில் விழுந்து அதை ஆறவைத்தது. நாலுக்கு மூன்று என்று ஓட்டர் பெண்ட் முன்னணியில் இருந்த கடைசி நிமிடத்தில், அல்சீத் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு தனியாகப் பாய்ந்து வந்தார். ஓரெஸ்ட் பின்புறமாகவே சறுக்கி, அவரைச் சுவர் ஓரத்துக்கு ஒதுக்கி, மட்டையை நீட்டி, வட்டைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போனார்.

"பாத்தியா அந்தக் குதிகாலை!" என்று சான்-லுபேன் பெஞ்சில் ஒரு குரல் கத்தியது. "இம்மி தூக்கல!"

"நீ எந்த ஊருய்யா?" என்று ஃபெர்னான் கயெத்தானைக் கேட்டார்.

மணி அடித்தது. இரண்டு அணிகளும் வரிசையில் கை குலுக்கின. ஓரெஸ்ட் எதிரணி பெஞ்சுக்கு வந்ததும் கயெத்தான் அவர் கையைக் கவனிக்கவே இல்லை. வளைந்த முதுகுக்கு நேரே தெரிந்தது கால்தான்.

"சுண்டுவிரல் எப்படி இருக்கு?"

"இருக்கு. அப்படி ஒண்ணு இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியும்."

"இந்த லேஸை யாருய்யா கட்டினது?"

"நான்தான்."

"வைக்கோல் கட்டு கட்டுற மாதிரி கட்டியிருக்க. மேல வை காலை."

"அங்க கோப்பை குடுக்கறாங்க, கயெத்தான்."

"குடுக்கட்டும். வை காலை."

ஓரெஸ்ட் தடுப்புப் பலகையின் மேல் காலைத் தூக்கி வைத்தார். கயெத்தான் லேஸை முழுவதும் உருவி, கீழிருந்து ஒவ்வொரு துளையாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டோடு கட்ட ஆரம்பித்தார்.

அந்த வருஷத்துக் கோப்பைப் படம் ஓட்டர் பெண்ட் ரிங்கின் நுழைவாயிலில் இன்றும் தொங்குகிறது. நடுவில், ஒரு சொட்டு வியர்வை இல்லாத ஜெர்சியில், இடது தடுப்பாட்டக்காரர் நிற்க வேண்டிய இடத்தில், கோப்பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வால்ட்டர் நிற்கிறான். படத்தின் வலது ஓரத்தில், யாரோ ஒருவருடைய கால் பலகையின்மேல் இருக்கிறது.