விளக்குத்தண்டில் வந்த தப்புகள்

டீக்கன் ஹோரஸின் மனைவி சபை விருந்துக்குக் கொண்டுவந்தது பீச் பழக் கேக். அதைக் கண்ணால் பார்த்து, வாயாரத் தின்று, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிய வெர்டெல், பத்திரிகையில் ஆப்பிள் கேக் என்று அடித்தாள். அடித்ததோடு நிற்காமல் அச்சுக்கும் அனுப்பிவிட்டாள்.

இதைச் செய்தது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கட்டுரைகளைச் சிவப்பு மையால் குளிப்பாட்டி ஓய்வு பெற்ற டீச்சர். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் ராத்தூக்கம் கெடும் ஜென்மம். அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் இருக்கும் அவள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலின் அடித்தள அறையில், அதாவது 'விளக்குத்தண்டு' பத்திரிகையின் ஆபீசில், போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. எடுத்தால் அவர் வைத்துவிடுவார். ஆள் எடுக்காவிட்டால் பேச்சைப் பதிந்துகொள்ளும் மெஷின் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"மூணாம் பக்கம். அது பீச் கேக்கு. ஆப்பிள் இல்ல." டொக்.

அவ்வளவுதான். அந்தக் கனத்த குரலுக்காகத்தான் இத்தனை பாடும். வெர்டெல் பொத்தானை அழுத்தி இன்னொரு தடவை கேட்டாள். பிறகு இன்னொரு தடவை. அண்ணனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று தோன்றியது. தேன் போட்டுச் சூடாக ஏதாவது குடிக்கச் சொல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது.

ஊரிலிருந்த ஒரே தினசரி மூடப்பட்ட பிறகு, கோயில் நோட்டீஸை நீட்டி வளர்த்து ஆரம்பித்ததுதான் விளக்குத்தண்டு. கோழி இறைச்சி ஆலையில் யார் கை போனது, எந்தத் தெருவில் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது, யாருக்கு ஓட்டுச்சீட்டு மறுக்கப்பட்டது என்று எல்லாம் அதில் வரும். ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகையில் தப்பு வந்தால் திருத்தத்தை அச்சில் போட்டால் மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், காணிக்கை முடிந்ததும், ஆசிரியர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

அதனால் அப்போதெல்லாம் வியாழக்கிழமைதோறும் ஆம்ரோஸ் அண்ணன் ஆலை வேலை முடித்துக் கிரீஸ் கையோடு வருவார். பக்கங்களை உரக்க வாசிப்பார், நிறுத்தக்குறிகளையும் சேர்த்து. "சகோதரி கோலியர் காற்புள்ளி எண்பது வயது நிறைவு முற்றுப்புள்ளி." வெர்டெல் பென்சிலோடு பின்தொடர்வாள். சபையில் ஒரு பெண்ணைப் பாஸ்டராக வைத்தபோதும், அந்தப் பாஸ்டர் இரண்டு ஆண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தபோதும், பாதிப் பேர் கோபித்துக்கொண்டு நெடுஞ்சாலையோரப் பெரிய கோயிலுக்குப் போனார்கள். ஆம்ரோஸ் மூன்றாவது பெஞ்சிலிருந்து அசையவில்லை. அப்படிப்பட்டவரைக் கிளப்பியது கூடப்பிறந்த தங்கைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஆம்ரோஸ் எழுந்து நின்றார். ஆலையின் குளிர் அறையில் அமோனியா விஷவாயு போகும் குழாய் துருப்பிடித்துவிட்டது, மேலதிகாரிகளிடம் சொன்னேன், டேப் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள் என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். வெர்டெலும் ஆமென் சொல்லிவிட்டு நேரே கீழே இறங்கி வந்து தட்டச்சு செய்தாள். மறுநாள் அவர் ஓவர்டைமில் மாட்டிக்கொள்ள, அந்த இதழை அவள் தனியாகவே திருத்தி அச்சுக்கு அனுப்பினாள். அண்ணன் பெயரைப் போடவில்லை. ஆனால் ஆலையில் குழாய் பார்க்கும் மெக்கானிக் ஒரே ஒருவர்தான் என்பது கோழிக்குக்கூடத் தெரியும்.

அரசு அதிகாரிகள் வந்தார்கள். குழாய் மாறியது. ஆம்ரோஸுக்கு வேலை போனது.

"நான் தேவன்கிட்ட சொன்னேன். உன்கிட்ட சொல்லல" என்றார் அன்று.

"என் காதிலயும் விழுந்துச்சே அண்ணே."

"மேனேஜர் கூப்பிட்டு சொல்றான், அந்த நியூஸ் தப்புன்னு பேப்பர்ல ஒரு வரி வந்தா என்னைத் திரும்ப எடுத்துக்கறானாம். ஒரு வரி, வெர்டி. ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு வாசிச்சிடு."

"தப்பு இல்லாததைத் தப்புன்னு எப்படி வாசிக்கிறது?"

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிப் போனார். அதோடு சரி.

அப்புறம் ஒரு நாள், சகோதரி கோலியரின் ஈஸ்டர் தொப்பி பச்சை என்று நிஜமாகவே தவறிப்போய் அச்சாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மெஷினில் அந்தக் குரல்: "தொப்பி ஊதா." வெர்டெல் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். கோபமாகவாவது படிக்கிறாரே! அடுத்த வாரத்திலிருந்து தப்பை அவளே வேண்டுமென்று போட்டாள்.

ஞாயிறுதோறும் எழுந்து நின்று வாசித்தாள். சபை முதலில் சிரித்தது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. "பாவம், வயசாயிடுச்சு" என்ற முணுமுணுப்பு அவள் காதிலும் விழுந்தது. விழட்டும். வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கேக் செய்திக்கு அடுத்த திங்கட்கிழமை, மாவட்டம் மாதிரியான கவுண்டியின் நிர்வாகக் கூட்டம். ஆலையின் கழிவுநீரை இன்னும் அதிகமாக ஓடையில் விட அனுமதி கேட்டிருந்தார்கள். ஓடையில் மீன் செத்து மிதந்ததை விளக்குத்தண்டு எழுதியிருந்தது. ஆலை வக்கீல் பழைய இதழ்களை விசிறி மாதிரி கையில் விரித்துக்கொண்டு எழுந்தான்.

"என்ன கேக்கைத் தின்னோம்னே இந்தப் பேப்பருக்குத் தெரியல. மீன் எதனால செத்துச்சுன்னு மட்டும் தெரியுமாம்!"

அறை முழுவதும் சிரிப்பு. ஓடைக்கரையில் குடியிருக்கும் டெல்ஃபீன், தன் பையனின் சொறி பிடித்த கைகளைக் காட்டுவதற்காக எழுந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து வெர்டெலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் பாஸ்டர் இமானி கீழே வந்தாள். அவளுக்கு வெர்டெலின் மகள் வயதுகூட இருக்காது.

"மிஸ் வெர்டெல், கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல பாஸ்டரம்மா." அவள் மெஷினைத் தட்டிக்காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

இமானி மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு உங்க மேல கோபம் வரணும். வரமாட்டேங்குது" என்றாள். "ஆனா டெல்ஃபீனுக்கு நாம பதில் சொல்லணும் இல்லையா?"

"சொல்லணும். எழுதிட்டேன்."

அந்த வார இதழில் ஒரு தப்பும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் திருத்தம் மட்டும் இருந்தது. இனி மணி அடிக்கக் காரணம் கிடையாது என்று தெரிந்தும், வெள்ளிக்கிழமை அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

மணி அடித்தது.

"வெர்டி." இரண்டு வருஷத்தில் மெஷினில் அவள் பெயர் விழுவது இதுதான் முதல் தடவை. "இந்த வாரம் தப்பு ஒண்ணும் இல்ல." பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அந்தக் குழாய் நியூஸ் வந்த பேப்பரும் இங்கதான் கிடக்கு. தினம் எடுத்துப் பார்க்கறேன். ஒரு தப்பு கிடைச்சிராதான்னு. ஒரு காற்புள்ளி போதும். அதைச் சாக்கா வெச்சு உன்னைத் திட்டிட்டு, அன்னிக்கே வந்திருப்பேன். ஒண்ணுகூட இல்லயே, பாவி."

வெர்டெல் போனை எடுத்தாள்.

"அண்ணே."

அவர் வைக்கவில்லை.

"எல்லாம் நான் வேணும்னு போட்டது அண்ணே."

"தெரியும். உன் கைக்கு அத்தனை தப்பு வராது."

"தெரிஞ்சுமா போன் பண்ணினே?"

"நீ எதுக்குப் போட்டியோ, நானும் அதுக்குத்தான்."

"ஞாயித்துக்கிழமை வாயேன். மூணாவது பெஞ்சுல யாரையும் உட்கார விடல."

"வரமாட்டேன் வெர்டி. அந்த இடத்துல நின்னு இனி வாயைத் திறந்து ஜெபம் பண்ண எனக்கு வராது." இருமினார். "நீ அழாம வாசி. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு சுற்றி முடிந்தது. வெர்டெல் எழுந்து முன்னால் வந்தாள். மூன்றாவது பெஞ்சில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. சொன்ன சொல் மாறமாட்டார், பிறவிப் பிடிவாதம். பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தின் ஓரத்தில், ஓக் மரத்தடியில், துருப்பிடித்த நீல டிரக் ஒன்று நின்றது. கண்ணாடி இறக்கியிருந்தது. முழங்கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"டீக்கன், அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க" என்றாள் வெர்டெல்.

"புழுக்கமா இருக்கா, சிஸ்டர்?"

"திறந்து வைங்க."

கதவு திறந்தது. அவள் தாளைப் பிரித்து, வகுப்பறையின் கடைசிப் பெஞ்சு வரை எட்டும் தன் பழைய குரலில், நிறுத்தக்குறிகளையும் சேர்த்து வாசித்தாள்.

"திருத்தம் முற்றுப்புள்ளி. ஓடை பற்றியும் குழாய் பற்றியும் இந்தப் பத்திரிகை எழுதியவை அனைத்தும் உண்மை முற்றுப்புள்ளி. கேக்கிலும் மற்றவற்றிலும் வந்த பிழைகள் தவறுதலாக வந்தவை அல்ல காற்புள்ளி தன் அண்ணனின் குரலைக் கேட்பதற்காக ஆசிரியர் தெரிந்தே போட்டவை முற்றுப்புள்ளி."