வகுபடாத ஜோடி

அறுபத்திரண்டாம் வருடம், ஆனிச் சாரல். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மகனோடு நேரே எங்கள் தென்காசி வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார் கைலாசம். காது மடலில் எண்ணெய் இன்னும் மினுங்கியது. கேசரியை வழித்துத் தின்று, விரலை நக்கி, அதே விரலால் பென்சிலை எடுத்தார்.

ஜாதகம் பொருந்தியது போதாதாம். மகன் குத்தாலிங்கம் பிறந்த தேதியையும் பெண் பிறந்த தேதியையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுவார். அதை எதனாலும் வகுக்க முடியாவிட்டால் அந்த ஜோடியை யாராலும் பிரிக்க முடியாதாம். இப்படியே மூன்று பெண்களைக் கழித்துக் கட்டியிருந்தார்.

17-8-1937, 29-1-1943. 17819372911943 என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"பி.எஸ்சி. கணக்குதானம்மா படிக்கே? வகுத்துப் பாரு."

இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். கல்யாணம் நடந்தால் படிப்பு அதோடு சரி. வகுபட்டுத் தொலையேன் என்று வேண்டிக்கொண்டே மூன்று, ஏழு, பதினொன்று என்று முப்பத்தொன்று வரை போனேன். ஒன்றுக்கும் மசியவில்லை. எண் நல்ல எண்தான். அதை வைத்து இந்த மனுஷர் பண்ணுகிற அசிங்கம்தான் சகிக்கவில்லை.

"வகுபடுது மாமா" என்றேன். "ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்பதால."

பச்சைப் பொய். வகுத்துக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். அவர் தாளைப் பார்த்தார், மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

"ஆமா, நேத்தே பாத்துட்டேன். நீ கண்டுபிடிக்கியான்னுதான் குடுத்தேன்."

தப்பித்த சந்தோஷத்தைக்கூட அந்த ஆள் அருவருப்பாக்கிவிட்டார். அதற்குள் அவர் கண், காப்பி கொண்டுவந்த என் தங்கை சொக்கம்மாள் மேல் போய்விட்டது. பதினேழு வயது. காலேஜில் பி.யு.சி. சேருவதற்குத் தாவணியெல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"சின்னவ எப்பம் பிறந்தா?"

மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீஸ் உத்தியோகம், அப்பா விடுவாரா? நான் வாயைத் திறக்கும் முன் தேதியைச் சொல்லிவிட்டார். 12-5-1945.

17819371251945. கைலாசம் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். சொக்கம்மாளையும் ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எதுலயும் வகுபடாது. சுத்தமான பகா எண்."

"கடைசியில அஞ்சு நிக்கே!" கத்திவிட்டேன். "அஞ்சால வகுபடும். மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அஞ்சு கணக்குல சேராதும்மா. அது பஞ்சாட்சரம்லா."

குத்தாலிங்கம் பஜ்ஜி மென்றபடி தலையாட்டினார். நான் அப்பாவைப் பார்த்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடம் கணக்கு எழுதிய மனுஷர், வெற்றிலைத் தட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அம்மா என் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

"ஏட்டி, ஒனக்குத் தட்டிப்போச்சுன்னா தங்கச்சிக்கும் கெடுக்கணுமா? இவ்வளவு பொறாமை ஆகாதுட்டி."

கூடத்தில் முகூர்த்தம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சொக்கம்மாள் காலி டம்ளர்களோடு உள்ளே வந்தாள். அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் குனிந்தாள்.

"அக்கா, அஞ்சால வகுபடும்தானே?"