திறந்தாலே போதும்

1

இந்தக் கதை எனக்குத் தூக்கிவாரிப் போட்ட ஒரு நொடியில் பிறந்தது. பிரவுசரில் ஓட்டை தேடுவதையே வேலையாகக் கொண்ட ஒரு பெண் சொன்னாள்: “பக்கத்தத் திறந்தாலே போதும். எதையும் அமுக்க வேண்டாம். உங்க கம்ப்யூட்டர் திருடன் கைக்குப் போயிடும்.” அடப்பாவிகளா! அன்று முழுக்க நான் எதையும் திறக்கவில்லை.

முதல் வரி: திரையைப் பார்த்து அவள் உறைந்து — [வேண்டாம். எல்லாக் கதையிலும் உறைகிறார்கள்.]

2

முதல் வரைவில் கதையின் நாயகிக்கு ஒரு கணவன் இருந்தான். கதைக்குப் பாரமாக இருந்தான், நீக்கிவிட்டேன். ஆனால் ஒரு வாக்கியம் என் கண்ணில் படாமல் தப்பிவிட்டது: ‘வீட்டுச் சாவியைக் கணவனின் நாற்காலிப் பக்கம் நீட்டினாள்.’ நாற்காலி காலி. முன்பின் தெரியாத எவனாவது அதில் வந்து உட்கார்ந்திருந்தால், சாவி அவன் கைக்குத்தான் போகும்.

(நினைவகக் கோளாறு என்றால் இதுதானாம். பிரவுசர் தன் நினைவகத்தில் ஏதோ ஒன்றை அழித்துவிடும். அது இருந்த இடத்தை மட்டும் தொடர்ந்து நம்பிக்கொண்டிருக்கும். காலியான அந்த இடத்தில் திருடன் வந்து உட்கார்ந்துகொள்வான்.)

3

அப்படியோர் ஓட்டையைத்தான் அவள் கண்டுபிடித்திருந்தாள். மேலதிகாரி கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “சரி பண்ணியாச்சு. ஆனா அப்டேட் எல்லாருக்கும் போய்ச் சேர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. வெளிய கசிஞ்சா திருடனுக்கு நாமளே வழி சொன்ன மாதிரி. ஏற்கெனவே எவனோ இத வச்சு வக்கீல்களக் குறி வைக்கிறான்.”

அவளுடைய அக்கா வக்கீல். ஒரு கொலையை நேரில் பார்த்த பெண் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்பது அக்காவின் லேப்டாப்பில் இருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்று படிக்கட்டுக்கு ஓடிப் போய்ப் போன் அடித்தாள்.

“அக்கா, லேப்டாப்பத் தொடாத!”

“ஏண்டி கத்துற? காலைல தீர்ப்பு நகல்னு ஒரு லிங்க் வந்துச்சு. தொறந்தேன், வெள்ளையா இருந்துச்சு, மூடிட்டேன். நான் எதையும் அமுக்கலையே!”



4

முடிவு ஒன்று: நல்லவேளை, அப்டேட் நேற்றே வந்து — [பொய்.]

முடிவு இரண்டு: ‘தொறந்தேன்’ என்ற சொல்லை நீக்கிப் பார்த்தேன். என்ன பயன்? நீங்கள்தான் படித்துவிட்டீர்களே.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் தங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்கா இன்னொரு போனில் அந்தச் சாட்சியைக் கூப்பிடுகிறாள்.

“எடுக்க மாட்டேங்கறாடி.”

மணி இன்னும் அடிக்கிறது. அவளை எடுக்க வைப்பது இனி உங்கள் பாடு.