பி செக்‌ஷன் மங்குஸ்தான்

சொந்தப் பிள்ளை சொந்த வகுப்பில் உட்காரக் கூடாது என்பது அந்தக் குற்றாலத்துப் பள்ளிக்கூடத்தின் சட்டம். அதனால் மூன்றாம் வகுப்பு ஏ பிரிவை நடத்தும் ஜெயசித்ராவின் மகள் தன்ஷிகா, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பி பிரிவில் இருந்தாள். இன்னொரு சட்டமும் உண்டு. கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் அம்மாவை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும். சாயங்காலம் ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு “எம்மா” என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் ஜெயசித்ரா நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தினாள் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருஷம் வரை “எம்மா, பசிக்குது” என்று வரும். இந்த ஜூனில் இசக்கிசெல்வி வந்து பி பிரிவுக்கு டீச்சராகச் சேர்ந்தாலும் சேர்ந்தாள், “எம்மா, எங்க மிஸ் இருக்காவல்லா…” என்று வர ஆரம்பித்தது.

இசக்கிசெல்வி செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்னப் பெண். முதல் நாளே, இந்தப் பருவத்தில் என்னென்ன படிக்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டாளாம். கடிகாரம் பார்ப்பது, ஆறாம் வாய்ப்பாடு, திசைகள், இலைகள். ஜெயசித்ரா நடத்துவதும் அதே புத்தகம்தான். அதே கடிகாரம், அதே வாய்ப்பாடு. ஆனால் மகள் வாயில் வரும்போது ஏதோ திருவிழா போல இருந்தது.

“திசை படிக்க எங்கள மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவாவளாம். மலை இருக்க பக்கம் மேற்காம். சாரல் அங்கன இருந்துதான் வருதாம்.”

“ஏட்டி, அது எனக்குத் தெரியாதா? மலை என்ன நேத்தா முளைச்சுது?”

வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. பத்து மாதம் சுமந்தவள் நான், நேற்று வந்தவள் ‘எங்க மிஸ்’ஸா என்று, ராத்திரி தோசை சுடும்போதும் கரண்டி ‘ணங்’கென்று விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை. வண்டி கேட்டைத் தாண்டியதும் தன்ஷிகா காதருகே வந்தாள். “எம்மா, ஒரு ரகசியம். நாளைக்கு எங்க மிஸ் ஆளுக்கொரு மங்குஸ்தான் கொண்டு வருவாவ. பழத்துக்கு அடியில பூ மாதிரி இருக்குல்லா, அதுல எத்தன இதழோ, உள்ள அத்தன சுளையாம். உடைக்காமலே சொல்லணும். ஆறு சுளைப் பழமா எடுத்து வச்சு வாய்ப்பாடு படிக்கணும். மிஸ் பையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேம்லா, அப்ப எனக்கு மட்டும் சொன்னாவ. நீ யார்ட்டயும் சொல்லிராத.”

“நான் யார்ட்டட்டி சொல்லப் போறேன்?” என்றாள் ஜெயசித்ரா.

சொல்லவில்லை. தென்காசியில் மகளை வீட்டில் இறக்கிவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே குற்றாலத்துக்குத் திரும்பிப் போனாள். அருவிக்குப் போகிற வழியிலுள்ள பழக்கடையில், விலைகூடப் பேசாமல் ஒரு பை நிறைய மங்குஸ்தான் வாங்கி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளையிலேயே ஏ பிரிவில் பழங்கள் உடைந்தன. இதழை எண்ணி, ஆறு என்று சொல்லி, தடித்த ஊதாத் தோட்டைப் பிளந்து ஆறு சுளையைப் பார்த்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் கூரையைத் தூக்கியது. சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்க வேண்டும் என்றே ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள் ஜெயசித்ரா. வெள்ளைச் சட்டைகளிலெல்லாம் தோட்டுக் கறை. இடைவேளையில் அந்தக் கறையும் கதையும் மைதானம் முழுக்கச் சுற்றின.

இடைவேளை முடிந்து பி பிரிவில் இசக்கிசெல்வி பையைத் திறந்தாள். “இதுக்குள்ள எத்தன சுளை இருக்குன்னு உடைக்காமலே…” என்று தொடங்குவதற்குள் மகாராஜா என்ற பொடியன் எழுந்துவிட்டான். “அடியில எண்ணணும் மிஸ்! ஏ செக்‌ஷன்ல அப்பமே முடிஞ்சிட்டு!” வகுப்பே சிரித்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் ஜெயசித்ராவுக்குக் குளுகுளுவென்று இருந்தது. சாப்பாட்டு நேரம் வரைதான் அந்தக் குளிர்ச்சி.

இசக்கிசெல்வி டிபன் பாக்ஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, நீங்களும் மங்குஸ்தான்தான் எடுத்தியளாமே? அடுத்த தடவ ரெண்டு வகுப்பையும் ஒண்ணா வச்சே செய்வமா? எனக்குத் தனியா சமாளிக்கப் பயமா இருக்கு.”

அந்த முகத்தில் எங்காவது குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். “பாப்போம்” என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தாள்.

சாயங்காலம் இசக்கிசெல்வியின் பையை மகாராஜா தூக்கிக்கொண்டு போனான். தன்ஷிகா ஸ்கூட்டர் பக்கத்தில் தனியாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசித்ரா வந்ததும் ஏறிக்கொண்டாள்.

வண்டி கேட்டைத் தாண்டியது. இடுப்பில் கை விழவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், பிள்ளை சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. தென்காசி கோபுரம் தெரியும்வரை பொறுத்துப் பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவளே கேட்டாள்.

“ஏட்டி, இன்னைக்கு உங்க மிஸ் என்ன சொல்லித் தந்தாவ?”

“ஒண்ணுமில்ல, மிஸ்.”

பிள்ளை பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினாள்.

“கேட்டத் தாண்டி ரொம்ப தூரம் வந்தாச்சேட்டி.”

“தெரியும், மிஸ்” என்றாள் தன்ஷிகா.